சோழமண்டலக் கரையில் மழை பெய்யும் விதம்

லண்டன் மாநகரத்தை நினைத்தால் குடையும், சென்னைப் பட்டணத்தை நினைத்தால் விசிறியும் மனக்கண்ணில் தோன்றுவது நம்மவர் வழக்கம். அங்கே போய் வந்தவர்கள் சூரிய தரிசனமே அபூர்வம் என்பார்கள். இங்கே வந்து போகிறவர்கள் வெயில் தாங்கவில்லை என்பார்கள். இரண்டு பேச்சிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் மழையை அளக்கும் கருவியிடம் போய் விசாரித்தால், அது ஜனங்களின் அபிப்பிராயத்தை ஒரே வார்த்தையில் தலைகீழாக்கிவிடுகிறது. லண்டனில் ஒரு வருஷத்துக்குப் பெய்யும் மழை சுமார் 600 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வதோ ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். இரண்டு மடங்குக்கு மேல் மழை பெறுகிற ஊருக்கு வெயிலூர் என்ற பெயரும், அதில் பாதிக்கும் குறைவாகப் பெறுகிற ஊருக்கு மழையூர் என்ற பெயரும் எப்படி வந்தன?

இந்த விசித்திரத்துக்கு விடை, மழை எவ்வளவு பெய்கிறது என்பதில் இல்லை. எத்தனை நாள் பெய்கிறது என்பதில் இருக்கிறது. நம் நாட்டு வானிலைத் துறையார் ஒரு நாளில் 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்தால்தான் அதை மழைநாள் என்று ஏட்டில் ஏற்றுகிறார்கள். அந்தக் கணக்குப்படி சென்னைக்கு வருஷத்தில் மழைநாட்கள் ஐம்பது முதல் அறுபதுக்குள். லண்டனிலோ நூறு நாட்களுக்கு மேல். அங்கே ஒரு மில்லிமீட்டர் தூறினாலே மழைநாள் என்று கொள்ளுவதால் எண்ணிக்கை சற்றுக் கூடித் தெரிகிறது என்பது வாஸ்தவமே. ஆனால் அந்த வித்தியாசத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், அங்கே மழை என்பது தினந்தோறும் கொஞ்சங் கொஞ்சமாகக் கொடுக்கிற சம்பளம், இங்கே அது எப்பொழுதாவது ஒரே மூட்டையாக வந்து விழுகிற புதையல் என்ற உண்மை மாறுவதில்லை.

மழையை அளக்கிற விதத்தையும் இங்கே சொல்லிவிடுவது நல்லது. கருவி மிகவும் எளிமையானது. வட்டமான வாயும் கூரிய விளிம்பும் உடைய ஒரு புனல், அதன் கீழே நீரைத் தாங்க ஒரு கலம், அளப்பதற்கு ஒரு கண்ணாடிக் குழல்: இவ்வளவுதான். மரத்தின் நிழலோ சுவரின் மறைவோ படாத வெட்டவெளியில் அதை நட்டு வைத்திருப்பார்கள். ஒவ்வொரு நாளும் காலை 8.30 மணிக்கு ஒருவர் வந்து, கலத்தைத் திறந்து, சேர்ந்த நீரைக் குழலில் ஊற்றி, கண்மட்டத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, ஏட்டில் எழுதிவிட்டுப் போவார். ஆகையால் பத்திரிகையில் ‘நேற்றைய மழை’ என்று நாம் படிப்பது முந்தின நாள் காலை எட்டரை முதல் இன்று காலை எட்டரை வரை விழுந்தது. ஒரு மில்லிமீட்டர் என்றால் அற்பம் என்று தோன்றும். ஆனால் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர் ஜலம். பத்து மில்லிமீட்டராகிய ஒரு சென்டிமீட்டர் மழை ஓர் ஏக்கர் நிலத்தில் விழுந்தால் அது சுமார் நாற்பதாயிரம் லிட்டர். கருவி அறியாத காலத்திலும் நம் குடியானவர்கள் இதைக் கணக்கிடத் தவறவில்லை. ஈரம் மண்ணில் எவ்வளவு ஆழம் இறங்கியது என்று பார்த்து, ஓர் உழவு மழை, இரண்டு உழவு மழை என்று அவர்கள் சொன்னது, விழுந்த நீரைக் காட்டிலும் மண் குடித்த நீரை அளக்கும் ஓர் உபாயம்.

இனி இந்தக் கரையின் வருஷத்தைத் தொடர்ந்து பார்ப்போம். கோடியக்கரையிலிருந்து வடக்கே செல்லும் கடலோரம் கிழக்கு நோக்கி நிற்பது. அதன் சுபாவம் அனைத்தும் அந்த ஒரு திசையிலேயே அடங்கியிருக்கிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் தரை சூரியனுடைய உஷ்ணத்தை வெகு சீக்கிரம் ஏற்றுக்கொண்டு கொதிக்கிறது. சமுத்திரமோ, அதே உஷ்ணத்தை மேற்பரப்புக்குக் கீழேயுள்ள நீரோடும் கலந்து பகிர்ந்துகொள்ளுவதாலும், நீரைச் சூடாக்குவதற்கு மண்ணைச் சூடாக்குவதைவிட மிகுந்த வெப்பம் தேவைப்படுவதாலும், நிதானமாகவே இருக்கிறது. தரையின்மேல் உள்ள காற்று சூடேறி எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடல்மேலிருந்த குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. இதுவே நாம் கடற்காற்று என்று சொல்லி வழிமேல் விழிவைத்துக் காத்திருக்கும் காற்று. முற்பகலிலேயே அது வந்துவிட்டால் அன்றைக்கு ஊர் பிழைத்தது. மேற்கேயிருந்து வரும் உலர்ந்த காற்று பலமாக வீசி அதைக் கரையிலேயே மறித்து, பிற்பகல் மூன்று மணி வரையில் நிறுத்தி வைத்துவிட்டால், வெப்பமானி 40 டிகிரியைத் தாண்டிப் போகிறது. 2003ஆம் வருஷம் மே மாதம் 31ஆம் தேதி சென்னையில் 45 டிகிரி வரையில் ஏறியது.

அந்தக் கடற்காற்று வந்தபின்னும் உடம்பு வேர்த்துக்கொண்டிருக்கிறதே, இதென்ன நியாயம் என்று கேட்கலாம். காற்று குளிர்ச்சியை மட்டும் கொண்டு வருவதில்லை. கடலின் ஈரத்தையும் சுமந்து வருகிறது. வியர்வை ஆவியாகிப் போகும்போதுதான் உடம்பிலிருந்து உஷ்ணத்தைக் கவர்ந்துகொண்டு போகும். சுற்றியுள்ள காற்றோ முன்னமே நீராவியால் நிறைந்திருப்பதால் வியர்வை போக இடமில்லாமல் தோலின்மேலேயே நின்றுவிடுகிறது. புழுக்கம் என்று நாம் சொல்லுவது இதைத்தான். உப்பு ஜாடியில் உப்பு கசிவதும், தீக்குச்சி நமுத்துப்போவதும், வடாம் பிழிந்து வெயிலில் காய வைத்தவர்கள் சாயங்காலம் அதைத் தொட்டுப்பார்த்து முகஞ் சுளிப்பதும் இந்தக் கரையின் வானிலை அறிக்கைகளே. இவற்றுக்குக் கருவி வேண்டியதில்லை.

ஆனி பிறந்ததும் நாடெங்கும் பருவமழை என்ற பேச்சாக இருக்கும். தென்மேற்குக் காற்று அரபிக்கடலின் ஈரத்தை வாரிக்கொண்டு வந்து, மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, மேலெழுந்து, குளிர்ந்து, மலையாளக் கரையில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. மலையைக் கடந்து இறங்கும்போது அதே காற்று சூடேறி உலர்ந்துவிடுவதால் மலைக்குக் கிழக்கேயுள்ள பிரதேசம் மழையின் நிழலில் தங்கிவிடுகிறது. இதைப் படித்துவிட்டு, ஆனி முதல் புரட்டாசி வரையில் கிழக்குக் கரையில் மழையே இல்லை என்று தீர்மானிப்பவர்கள் ஏமாறுவார்கள். பகலெல்லாம் காய்ந்த தரையிலிருந்து எழுந்த காற்றும், கடலிலிருந்து உள்ளே வந்த ஈரக்காற்றும் சந்திக்கிற இடத்தில் மேகம் கோபுரம்போல் எழும்பி, மேல்காற்றினால் கரையை நோக்கித் தள்ளப்பட்டு, சாயங்காலத்திலோ முன்னிரவிலோ இடியும் மின்னலுமாகப் பெய்து ஓய்கிறது. இப்படிப் பெய்வதெல்லாம் சேர்ந்து சென்னையின் வருஷ மழையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆகிறது. ஒரு தெருவில் முழங்கால் ஜலமும், அடுத்த பேட்டையில் புழுதியுமாக இருப்பது இந்தக் காலத்து மழையின் விசேஷம்.

புரட்டாசி கழிந்து ஐப்பசி வரும்போதுதான் இந்தக் கரையின் உண்மையான மழைக்காலம் தொடங்குகிறது. காற்றின் திசை மாறுவதற்குக் காரணத்தை 1686ஆம் வருஷத்திலேயே எட்மண்ட் ஹாலி என்ற ஆங்கில வானசாஸ்திரி, நிலமும் நீரும் சூடேறுவதிலுள்ள வித்தியாசத்தைக் கொண்டு விளக்க முற்பட்டார். அவருக்குப் பின்வந்தவர்கள் பூமியின் சுழற்சி முதலிய பிற காரணங்களையும் சேர்த்து அதைத் திருத்தினார்கள். சூரியன் தெற்கே சாய்ந்ததும் ஆசியாவின் பெருநிலப்பரப்பு குளிரத் தொடங்குகிறது. வங்காள விரிகுடாவோ கோடைகாலத்தில் வாங்கிவைத்த வெப்பத்தை இன்னும் விடாமல் வைத்திருக்கிறது. வடகிழக்கிலிருந்து வீசும் காற்று அந்த வெதுவெதுப்பான நீரின்மேல் நெடுந்தூரம் தவழ்ந்து வந்து, ஈரத்தில் ஊறி, கிழக்கு நோக்கி நிற்கும் நம் கரையின்மேல் நேராக மோதுகிறது. கிழக்கிலிருந்து வரும் காற்றுக்குக் கொண்டல் என்றும், வடக்கிலிருந்து வருவதற்கு வாடை என்றும் நம் முன்னோர் பெயரிட்டிருந்தார்கள். மேகத்துக்கும் கொண்டல் என்ற பெயர் வழங்குவது நினைக்கத் தகுந்தது. இக்கரையின் செம்படவர் இன்றும் மேல்காற்றைக் கச்சான் என்றும் தென்காற்றைச் சோழகம் என்றும் பிரித்தறிந்தே கடலில் இறங்குகிறார்கள். அக்டோபர் 20ஆம் தேதியை ஒட்டி இந்தப் பருவம் தொடங்குவதாகக் கணக்கு. கடலோர ஜில்லாக்களின் வருஷ மழையில் ஏறக்குறைய 60 சதவீதம், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களிலேயே பெய்துவிடுகிறது.

ஐப்பசி அடைமழை என்பது பழமொழி. அடைமழை என்றால் வெளியே தலைகாட்ட விடாமல் இரவும் பகலும் பெய்வது என்று பொருள் கொள்ளுகிறோம். ஆனால் அனுபவத்தில் பார்த்தால், இந்தப் பருவத்திலும் வானம் தொடர்ந்து மூடியிருப்பதில்லை. மூன்று நாள், நான்கு நாள் பிடித்து ஊற்றிவிட்டு, பிறகு ஒரு வாரமோ பத்து நாளோ பளிச்சென்று வெயில் அடிக்கிறது. மழையும் தினத்தின் எல்லா நேரத்திலும் ஒரே சீராகப் பெய்வதில்லை. கரையோரத்தில் அது பெரும்பாலும் பின்னிரவிலும் விடியற்காலையிலும் வலுக்கிறது. காரணம் அழகானது. இரவில் தரை கடலைவிடக் குளிர்ந்துவிடுவதால் நிலத்திலிருந்து மெல்லிய காற்று ஒன்று கடலை நோக்கிப் புறப்படுகிறது; முற்காலத்தில் பாய்விரித்த கட்டுமரங்கள் விடியுமுன் கடலுக்குப் போனதெல்லாம் இந்தக் காற்றின் துணையால்தான். அதே சமயம் கடலிலிருந்து ஈரக்கொண்டல் எதிரே வருகிறது. இரண்டும் கரையோரத்தில் முட்டிக்கொள்ள, கனத்த ஈரக்காற்று வேறு வழியின்றி மேலே ஏறுகிறது. ஏறிய காற்று குளிர, நீராவி துளியாகிறது. தூக்கத்தில் ஓட்டின்மேல் கேட்கும் அந்த முதல் சடசடப்பு, கண்ணுக்குத் தெரியாத இரண்டு காற்றுகள் ஊருக்கு வெளியே நடத்துகிற சண்டையின் ஓசை. பொழுது விடிந்து வெயில் ஏறினால் நிலக்காற்று ஓய்ந்துவிடும். மழையும் பெரும்பாலும் தளர்ந்துவிடும். ஆபீஸுக்குப் போகிறவர் குடையை மறப்பதற்கும் இதுவே காரணம்.

இந்தப் பருவத்தைப் பற்றிப் பேசும்போது புயலைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. 1746ஆம் வருஷம் சென்னைக் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லா பூர்தொனே, வெற்றிக் களிப்பு ஆறுமுன், அக்டோபர் மாதத்தில் அடித்த புயலுக்குத் தம் கப்பல்களில் பலவற்றைப் பறிகொடுத்தார். ஆங்கிலேயர் பெருஞ்செலவில் கட்டிக்கொண்டிருந்த சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களை 1881ஆம் வருஷத்துப் புயல் இடித்துத் தள்ளியது. 1964ஆம் வருஷம் டிசம்பர் 22ஆம் தேதி இரவு, இக்கரைக்குத் தெற்கே, தனுஷ்கோடி நகரத்தையும் அதை நோக்கிச் சென்ற ரயிலையும் கடல் விழுங்கியது. துறைமுகங்களில் கூண்டு ஏற்றுகிறார்கள் என்று கேட்டால் இன்றும் கரையோரத்து ஜனங்கள் மனங்கலங்குவது வீணல்ல. பகலில் கூம்பும் உருளையுமான அடையாளங்களையும், இரவில் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகளையும் கொடிமரத்தில் ஏற்றுவதே கூண்டு ஏற்றுவது. எண்கள் 1 முதல் 11 வரை. முதலாம் எண் தூரத்துக் கடலில் ஏதோ உருவாகிறது என்று கப்பல்களுக்குச் சொல்லுவது; பத்தாம் எண் பெரும் அபாயம். அதற்கும் மேலே பதினோராம் எண் ஒன்று இருக்கிறதே, அதைவிடக் கொடிய புயல் எது என்று யோசித்தால், அதன் பொருள் வேறு: எச்சரிக்கை அனுப்பும் நிலையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்பதுதான் அது.

ஆயினும் புயலும் பெருமழையும் ஒன்றல்ல. கூண்டு காற்றுக்காக ஏற்றப்படுவது. மழைக்குக் கூண்டு கிடையாது. வேகமாக ஓடிவந்து கரையேறிச் செல்லும் கடும்புயல் சில சமயம் அளவான மழையோடு போய்விடுகிறது. பெயர் வைக்கவும் தகுதி பெறாத ஒரு காற்றழுத்தத் தாழ்வு, போக மனமில்லாத விருந்தாளிபோல் ஓரிடத்தில் நின்றுவிட்டால் அதுதான் ஊரை முழுக்கிவிடுகிறது. 2023ஆம் வருஷம் டிசம்பர் 18ஆம் தேதி காலையோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில், மன்னார் வளைகுடாக் கரையிலுள்ள காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அன்று அங்கே புயல் எதுவும் இல்லை. மேலே ஒரு காற்றுச் சுழற்சி நின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான். அந்தப் பக்கம் முழு வருஷத்திலும் பெறுகிற மழையை விஞ்சிய மழை ஒரே நாளில் விழுந்தது. ஓர் ஏக்கருக்கு முப்பத்தெட்டு லட்சம் லிட்டர் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், அன்றைக்கு அருகேயுள்ள தாமிரபரணிக் கரை வெள்ளத்தில் மூழ்கியதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

கார்த்திகைக்குப் பின் மழையுமில்லை, கர்ணனுக்குப் பின் கொடையுமில்லை என்பதும் நம்மிடையே வழங்கும் வாக்கு. தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பழகியவர்களின் சொல்லாகையால் அதை எளிதில் தள்ளிவிட முடியாது. மார்கழியில் வாடை உலர்ந்து, பனி இறங்கத் தொடங்குவது உண்மைதான். ஆனால் தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது மார்கழி பிறந்து ஏறக்குறைய ஒரு வாரம் ஆகியிருந்தது. காயல்பட்டினத்தில் வானம் பிளந்துகொண்டதும் மார்கழி முதல் நாளை ஒட்டியே. பழமொழி சாமானிய வருஷத்தைச் சொல்லுகிறது. இக்கரையிலோ சாமானிய வருஷம் என்பதே அபூர்வம்.

அதற்கு அண்மைக்காலத்தில் கிடைத்த அத்தாட்சி ஒன்று உண்டு. 2015ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் மட்டும் சென்னையில் ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. அதன்பின் டிசம்பர் முதல் தேதி பெய்த மழை, தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் என்று மறுநாள் காலை ஏட்டில் ஏறியது. அடையாற்று வெள்ளத்தை அறியாதவர் இல்லை. அடுத்த வருஷம் அதே பருவத்தில், தமிழ்நாடு முழுவதற்கும் பெய்யவேண்டிய சுமார் 440 மில்லிமீட்டரில் 62 சதவீதம் பெய்யாமலே போயிற்று. 2019ஆம் வருஷக் கோடையில், நான்கு வருஷங்களுக்கு முன் ஊரை அச்சுறுத்திய செம்பரம்பாக்கம் ஏரியின் அடிமண் வெடித்துக் கிடந்தது.

இவ்வளவு ஏற்றத்தாழ்வு எங்கிருந்து வருகிறது என்று தேடினால், நம் கரையிலிருந்து வெகுதூரத்தில் உள்ள பசிபிக் சமுத்திரம் வரையில் போகவேண்டியிருக்கிறது. இந்த நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர் ஒரு கணித மேதை. பருவமழையை முன்கூட்டிச் சொல்ல வழி தேடி உலகின் பல மூலைகளிலிருந்தும் காற்றழுத்தக் கணக்குகளைத் திரட்டிப் பார்த்தவர், பசிபிக்கில் அழுத்தம் ஏறினால் இந்து சமுத்திரத்தில் இறங்குவதும், அங்கே இறங்கினால் இங்கே ஏறுவதுமாக ஒரு பெருந்தராசு ஆடுவதைக் கண்டார். அந்தத் தராசின் ஆட்டத்தோடு இணைந்ததுதான் எல் நினோ என்று இப்போது எல்லோரும் பேசுகிற கடல் வெப்பம். எல் நினோ வருஷத்தில் நாட்டின் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் குன்றும். ஆனால் நம் வடகிழக்குப் பருவமழையோ பெரும்பாலும் கூடும். 2015, 2023 இரண்டும் எல் நினோ வருஷங்களே. நாடெங்கும் வறட்சி என்று கவலைப்படுகிற வருஷத்தில் இந்த ஒரு கரை வெள்ளத்துக்குத் தயாராக வேண்டியிருப்பது நம் பூகோளம் செய்யும் வேடிக்கை.

ஆகையால், இந்தக் கரையின் வானிலை எப்படி என்று கேட்பவருக்குச் சராசரியைச் சொல்லுவது உண்மையைச் சொன்னதாகாது. 1,400 மில்லிமீட்டர் என்பது பல வருஷங்களைக் கூட்டி வகுத்துக் கிடைத்த எண். அந்த எண்ணின்படி அடக்கமாகப் பெய்துவிட்டுப் போன வருஷத்தை விரல்விட்டு எண்ணிவிடலாம். கணிதம் அறியாமலே இதை அறிந்திருந்தவர்கள் இங்கே ஏரி வெட்டியவர்கள். ஓர் ஏரியின் உபரி நீர் அடுத்த ஏரிக்கும், அதன் உபரி அதற்கடுத்ததற்குமாகச் சங்கிலி கோத்ததுபோல் அவர்கள் அமைத்த ஏற்பாட்டில், ஐம்பது நாளில் விழுவதை முந்நூறு நாளைக்கு வைத்துக்கொள்ள மதகும், வைத்துக்கொள்ள முடியாததைக் கரை உடையாமல் வெளியே அனுப்பக் கலிங்கும் இருந்தன. கலிங்கின் கல் வருஷத்தில் பெரும்பகுதி காய்ந்தே கிடக்கும். ஆடு மேய்க்கிறவர்கள் அதன்மேல் உட்கார்ந்து வெற்றிலை போடுவார்கள். ஜலம் வராத இடந்தானே என்று அதன் கீழுள்ள ஓடையில் வீடு கட்டிக்கொள்ளுகிறவர்களும் உண்டு.

மழைமானியைத் திறந்து பார்க்கிறவருக்கு அந்தத் தைரியம் வருவதில்லை. வருஷத்தின் முந்நூற்று அறுபத்தைந்து காலைகளில் முந்நூறு காலைகள் அவர் கலத்தைத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை அல்லது சில துளிகளே என்று கண்டு, ஏட்டில் பூஜ்யத்தையோ அதற்குச் சற்றே மேற்பட்ட ஏதோ ஒரு பின்னத்தையோ எழுதிவிட்டுப் போகிறார். ஆயினும் மறுநாள் எட்டரை மணிக்குத் தவறாமல் வந்து மறுபடி திறக்கிறார்.